வடக்கே போன விடுமுறை

கரக்பூரில் குடியிருக்கும் நம்மவர்களுக்கு விடுமுறை என்றால் ஒரே திசைதான் தெரியும்; அது தெற்கு. ஆண்டு பிறந்ததும் பாஸ் எத்தனை செட் கையில் இருக்கிறது என்று கணக்குப் பார்ப்போம். கோடையில் ஒரு முறை, கூடுமானால் பொங்கலுக்கு ஒரு முறை. ஊரில் இறங்கியது முதல் கோயில், கல்யாணம், காதுகுத்து, பங்காளி வீடு, மாமன் வீடு என்று பத்து நாளும் கரைந்துபோகும். திரும்பும்போது மூட்டை கனத்திருக்கும், உடம்பு களைத்திருக்கும். இதற்குத்தான் நாம் லீவு என்று பெயர் வைத்திருக்கிறோம். சங்க அன்பர்கள் எவரும் இதை மறுக்கமாட்டார்கள் என்று நம்புகிறோம்.

எங்கள் குடும்பமும் இவ்வழக்கத்தை மீறியதில்லை. கரக்பூருக்கு வந்த பதினான்கு ஆண்டுகளில், 2024 டிசம்பர் இறுதியில்தான் முதல் தடவையாக விடுமுறைக்கென்று வடக்கே போகும் வண்டியில் ஏறினோம். ஊர் சுற்றிப் பார்க்கும் ஆசை அதற்குக் காரணமன்று. தெற்கே எங்களுக்காகத் திறந்திருந்த வீடு அந்த ஆண்டுப் புரட்டாசியில் பூட்டப்பட்டுவிட்டது.

எங்கள் ஊர் மேட்டுப்பாளையம். தந்தையார் மலை ரயில் பாதையில் கேங்மேனாக உழைத்து, நாங்கள் பள்ளியில் படிக்கும்போதே காலமானார். தாயார் உருளைக்கிழங்கு மண்டியில் கிழங்கு பொறுக்கிப் பிரிக்கும் வேலைக்குப் போய் எங்களையும் எங்கள் அக்காவையும் ஆளாக்கினார். அக்காளைக் காரமடையில் கொடுத்தது. எங்களுக்கு மெட்ரிக் படிப்போடு ரயில்வே உத்தியோகம் கிடைத்தது. ஆனால் அது இரண்டு இரவுப் பிரயாண தூரத்தில் கிடைத்தது. தாயார் எங்களோடு வந்து இருக்க ஒப்பவில்லை. இரண்டு முறை வந்து பார்த்தார். "கரண்டு போனா ஆருகிட்டப் போயிப் பேசறது?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் போய்விட்டார்.

ஆகவே 2017ஆம் ஆண்டில், தெற்கே ஒரு கோட்டத்திற்கு மாற்றல் கேட்டு மனுப் போட்டோம். ஆபீஸில் எங்கள் நாற்காலியும் பிறருடைய விடுப்பையும் மாற்றலையும் எழுதும் நாற்காலிதான். வரிசை எவ்வளவு நீளம் என்பது எங்களுக்குத் தெரியாததன்று. ஆதலால் யாரையும் குறை சொல்வதற்கில்லை, காத்திருந்தோம்.

2024 ஆனி மாதம் தாயார் வாசற்படியில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. ஆடியில் ஒரு முறையும் ஆவணியில் ஒரு முறையும் போய் வந்தோம். விடுப்புக் கணக்கு வற்றிப்போயிற்று. புரட்டாசியில் ஓர் இரவு பத்து மணிக்கு அக்காளின் தொலைபேசி அழைப்பு வந்தது. ரயிலில் போனால் முகம் பார்க்க முடியாது. ரயிலாலேயே பிழைக்கும் குடும்பம் அன்று கடன் வாங்கி விமானம் ஏறியது. எங்கள் மூத்த பெண்ணுக்கு ஒன்பது வயது, பையனுக்கு நான்கு. அவர்களுக்கு அது முதல் விமானப் பிரயாணம். மேகத்தைப் பார்த்துப் பையன் கைகொட்டிச் சிரித்தான். அவனை அடக்கவும் மனம் வரவில்லை. அவனோடு சேர்ந்து வெளியே பார்க்கவும் முடியவில்லை. தாயார் குளிர்ப்பெட்டியில் எங்களுக்காகக் காத்திருந்தார்.

காரியங்கள் முடிந்து புறப்படும்போது அக்காள் வீட்டுச் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு, "இனி ஆருக்காக வருவ கண்ணு?" என்றாள். கோபத்தில் சொன்னதா, துக்கத்தில் சொன்னதா என்று எங்களுக்கு இன்றுவரை விளங்கவில்லை.

டிசம்பர் முதல் வாரத்தில் ஆபீஸுக்கு ஒரு கடிதம் வந்தது. ஏழாண்டு காத்திருந்த மாற்றல் கிடைத்துவிட்டது! நாமே விரும்பிக் கேட்ட மாற்றல் என்பதால் சீனியாரிட்டியில் கடைசி இடம். சம்மதமா இல்லையா என்று ஜனவரி நடுவுக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். மூன்று மாதம் முன்னதாக அக்கடிதம் வந்திருந்தால் பதிலுக்கு ஒரு நிமிடமும் யோசித்திருக்கமாட்டோம். இப்போது அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பத்து நாள் அலைந்தோம்.

பள்ளிக்கு விடுமுறை வந்தது. வழக்கம்போல் ஊருக்குப் போவதா என்ற பேச்சு எழுந்தபோது, இல்லத்தரசி அடுப்பை விட்டுத் திரும்பாமலே சொன்னார்: "இப்பப் போனா பூட்டைத்தான் பாக்கோணும். எங்கியாச்சும் வேற பக்கம் போலாமுங்க." வேறு பக்கம் என்றால் எது என்று எங்களுக்குத் தெரியவில்லை. டார்ஜிலிங் என்று சொன்னவள் எங்கள் பெண். பாடப் புத்தகத்தில் அந்தச் சிறிய ரயிலின் படம் இருந்ததாம்.

கரக்பூரிலிருந்து ஹௌராவுக்கு லோக்கல் வண்டி. அங்கிருந்து மஞ்சள் டாக்சியில் பாலம் கடந்து சியால்டா. இரவு பத்து மணி சுமாருக்கு டார்ஜிலிங் மெயில். கையில் புளிசோறும், மிளகாய்ப் பொடி தடவிய இட்லியும். வடக்கே போனாலும் சோற்று மூட்டை தெற்கத்தியதுதான்.

அந்த வண்டியின் வரலாற்றை ரயில்வேக்காரர்கள் அறிந்திருப்பார்கள். 1947க்கு முன் அது இன்றைய வங்காள தேசத்தின் வழியே, பத்மா நதிமேல் உள்ள ஹார்டிஞ்ச் பாலத்தைக் கடந்து நேராகச் சிலிகுரிக்குப் போய்க்கொண்டிருந்தது. பிரிவினையில் அப்பாதை அறுந்தது. அதன்பின் பல ஆண்டுகள் கங்கைக்கரையில் இறங்கிப் படகேறி, மறுகரையில் வேறு வண்டி பிடித்துப் போனார்கள். ஃபரக்கா அணை கட்டப்பட்டு அதன்மீது தண்டவாளம் போன பிறகுதான் வங்காளத்தின் தென்பாதியும் வடபாதியும் நேர்வழியில் மீண்டும் இணைந்தன. இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளமுள்ள அவ்வணையை வண்டி கடக்கும்போது நள்ளிரவு தாண்டியிருந்தது. குழந்தைகள் உறங்கினர். நாங்கள் மட்டும் ஜன்னலருகே விழித்திருந்து, மதகு விளக்குகள் ஒவ்வொன்றாகப் பின்னால் நகர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

காலையில் ரங்காபாணி ஸ்டேஷன் வந்தது. 2024 ஜூன் 17 அன்று அங்கேதான் அருகில் நின்றிருந்த காஞ்சன்ஜங்கா எக்ஸ்பிரஸின் பின்புறத்தில் சரக்கு வண்டி மோதியது. இப்போது பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. வயல், மூங்கில், பனி. இருந்தாலும் பெட்டியில் இருந்த ரயில்வே குடும்பங்கள் எல்லாம் அந்தப் பக்கம் திரும்பின. ஒருவரும் பேசவில்லை.

நியூ ஜல்பைகுரியில் அகலப்பாதை வண்டியிலிருந்து இறங்கி மறுபுறம் நடந்தால், இரண்டடி அகலத் தண்டவாளத்தில் நீலப்பெட்டிகள் நிற்கின்றன. "இது நிஜ ரயிலா, பொம்மையா?" என்று பையன் கேட்டான். நியாயமான கேள்வி. 1879இல் வேலை தொடங்கி 1881இல் டார்ஜிலிங் வரை ஓடிய நிஜ ரயில். கல்கத்தாவிலிருந்து மலைக்கு அரிசியும் சாமானும் ஏற்றி, மலையிலிருந்து தேயிலை இறக்கி, தன் உழைப்பில் பிழைத்த ரயில். ஏறத்தாழ 88 கிலோமீட்டர் தூரத்தை ஒரு பகல் முழுதும் கடக்கிறது. ஜீப்பில் போனால் மூன்று மணி நேரம். மழைக்காலத்தில் மண் சரிந்தால் வாரக்கணக்கில் நின்றுபோவதும் உண்டு. 1999இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சொத்தாக ஏற்றது. ஆறாண்டு கழித்து 2005இல் அந்தப் பெருமை எங்கள் ஊர் மலை ரயிலுக்கும் கிட்டியது.

சுக்னாவைத் தாண்டியதும் சால மரக்காடு, அதன்பின் ஏற்றம். இங்கே நாங்கள் ரயில்வேக்காரர் என்பதை மறைக்க முடியாமல் குழந்தைகளுக்குப் பாடம் நடத்தத் தொடங்கிவிட்டோம். மேட்டுப்பாளையத்து வண்டி ஏறும் முறை வேறு. கல்லாறு கடந்ததும் இரு தண்டவாளங்களுக்கு நடுவே பல்பட்டை வரும். இஞ்சினின் பல்சக்கரம் அதைக் கவ்விக்கொண்டு, பன்னிரண்டு அடிக்கு ஓரடி என்ற செங்குத்தில் மலையைப் பிடித்து ஏறும். குறுக்கே பாறை வந்தால் குகை. அவ்விதம் 16 குகைகள். டார்ஜிலிங் பாதையில் பல்லும் இல்லை, குகையும் இல்லை. மலையைச் சுற்றி வளைகிறது. வளைய இடமில்லாவிட்டால் பின்வாங்குகிறது. அதாவது, வண்டி ஒரு முட்டுச்சந்தில் போய் நிற்கும். பாயின்ட்ஸ்மன் திசைமாற்றியை இழுப்பார். வண்டி பின்பக்கமாகவே ஏறி அடுத்த முட்டுக்குப் போகும். அங்கிருந்து மறுபடி முன்னோக்கி ஏறும். கீழே பார்த்தால் சற்றுமுன் வந்த தண்டவாளம் காலடியில் கிடக்கும்.

முதல் தடவை வண்டி பின்னால் நகர்ந்தபோது பையன் அழத் தொடங்கிவிட்டான். வண்டி வீட்டுக்குத் திரும்பிப் போகிறது என்று நினைத்துவிட்டான். அவனைத் தேற்றுவதற்குள் வண்டி மேலே ஏறிவிட்டது.

பெண் வேறொன்று கேட்டாள். "அப்பா, நம்ம ஊர்ல இருக்குற மலை ரயில்ல நாம ஏன் போனதே இல்ல?"

பதில் சொல்ல வெட்கமாக இருந்தது. சென்னையிலிருந்து வரும் நீலகிரி எக்ஸ்பிரஸ் காலையில் மேட்டுப்பாளையத்தில் நிற்கும்போது, அதே ஸ்டேஷனில் மலை ரயிலும் புறப்படத் தயாராக நிற்கும். ஒவ்வோர் ஆண்டும் மூட்டைகளைச் சுமந்துகொண்டு அதைப் பார்த்தபடியே வெளியே நடப்போம். வெளியே தாயார் காத்திருப்பார். குழந்தைகள் கேட்டால், "அடுத்த வருசம் போலாம் சாமி" என்பார். பத்து நாளில் எந்த நாளை அதற்கு ஒதுக்குவது? அவருக்குக் குழந்தைகளை ஒரு பகல்கூடப் பிரிய மனமில்லை. எங்களுக்கும் அவரை விட்டுவிட்டு ஊட்டியைப் பார்க்க மனமில்லை. அவரையும் அழைத்துக்கொண்டு போயிருக்கலாம் என்பது, நம்புங்கள், திந்தாரியாவின் அருகே அந்தச் சின்ன ஜன்னலில் தலை சாய்த்திருந்தபோதுதான் எங்களுக்குத் தோன்றியது.

குர்சியாங் கடைத்தெருவில் ரயில் நடுவீதியிலேயே போகிறது. கை நீட்டினால் காய்கறிக்கடையின் கூடையைத் தொடலாம். பள்ளிப் பிள்ளைகள் ஓடும் வண்டியில் தொற்றி ஏறி அடுத்த திருப்பத்தில் குதிக்கிறார்கள். ஆபீஸ் பார்வையில் இது குற்றம், ஆனாலும் பார்க்க அழகாகவே இருந்தது. சோனாடாவுக்குப் பின் இருட்டிவிட்டது. கூம் ஸ்டேஷன் 7407 அடி உயரம். குளிரில் எங்கள் பேச்செல்லாம் புகையாக வந்தது. அங்கிருந்து டார்ஜிலிங்குக்கு வண்டி இறக்கத்தில்தான் போகிறது. கரக்பூர் கடைவீதியில் வாங்கிய ஸ்வெட்டர்கள் கரக்பூருக்குத்தான் போதுமானவை என்பதும் அங்கே தெரிந்தது.

தங்கிய விடுதி சிறியது. அதை நடத்தும் மூதாட்டி நேபாளி பேசுபவர். எங்களோடு ஹிந்தியில் பேசினார். முதல் நாள் தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, "எந்த ஊர்?" என்று கேட்டார். நாங்கள் இருவரும் ஒரே குரலாக, "மேட்டுப்பாளையம், தமிழ்நாடு" என்றோம். அதே நொடியில் பெண், "கரக்பூர்" என்றாள். மூதாட்டி சிரித்தார். அவருடைய ஊர் எது என்று கேட்டோம். பாட்டனாரின் தந்தை தேயிலைத் தோட்ட வேலைக்கு நேபாளத்திலிருந்து நடந்து வந்தவராம். தமக்கு ஊர் இதுதான் என்று கையால் தரையைக் காட்டிவிட்டுப் போய்விட்டார்.

பார்த்த இடங்களை எல்லாம் எழுதினால் இதழ் கொள்ளாது. பத்மஜா நாயுடு விலங்குக் காட்சிசாலையில் செம்பாண்டாவும் பனிச்சிறுத்தையும் இருக்கின்றன. பையன் செம்பாண்டாவை விட்டு நகர மறுத்தான். அதை அடுத்துள்ள மலையேற்றப் பயிற்சி நிலையம் 1954இல் தோன்றியது; முந்திய ஆண்டு எவரெஸ்ட்டில் கால்வைத்த டென்சிங்கின் சமாதி அங்கே இருக்கிறது. பட்டாசியா வளைவில் நீராவி இஞ்சின் பூட்டிய சவாரி வண்டியில், காசு கொடுத்துச் சீட்டு வாங்கிப் போனோம். நூறு வயதைத் தாண்டிய இஞ்சின்கள். சக்கரம் வழுக்காதிருக்க முன்புறம் உட்கார்ந்து தண்டவாளத்தில் மணல் தூவுவதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் முகம் முழுதும் கரியாக, பையனுக்குச் சலாம் வைத்தார். எங்கள் தந்தையாரின் காக்கிச் சட்டை நினைவுக்கு வந்தது.

காஞ்சன்ஜங்கா முதல் இரண்டு நாளும் தென்படவில்லை. மூன்றாம் நாள் விடியலில் மூதாட்டி கதவைத் தட்டி எழுப்பினார். கம்பளியைச் சுற்றிக்கொண்டு மாடிக்கு ஓடினோம். வானத்தில் மேகம் என்று நாங்கள் நினைத்திருந்த உயரத்திற்கும் மேலே மலை இருந்தது! 8586 மீட்டர், உலகில் மூன்றாவது. முதலில் சாம்பல், பின்பு செம்பு, பின்பு கண் கூசும் வெள்ளை. பெண் ஒன்றும் பேசவில்லை. சற்றுப் பொறுத்து, "ஆத்தா இதப் பாத்திருக்காங்களா?" என்று கேட்டாள். இல்லை என்றோம்.

அன்று இரவு குழந்தைகள் உறங்கியபின் சட்டைப்பைக் கடிதத்தை எடுத்து வைத்தோம். இல்லத்தரசிக்கு ஊர் பவானி. பெற்றோர் இருவரும் அங்கே இருக்கிறார்கள். ஆகவே அவர் போகத்தான் விரும்புவார் என்று நாங்களாகவே முடிவு செய்திருந்தோம். அவர் நெடுநேரம் கடிதத்தை விரலால் நீவிக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்:

"ஏனுங்க, ஒரு பீரோ வாங்கலாமுன்னு நான் எத்தன தடவ கேட்டிருக்கேன்? மாத்தல் வந்துரும், தூக்கிட்டுப் போவ முடியாதுன்னு சொல்லுவீங்க. பக்கத்து வீட்டுத் தெலுங்கம்மா முருங்கப் போத்துக் குடுத்தப்பவும் அதத்தான் சொன்னீங்க. ஏழு வருசமா நாம குவாட்டர்ஸ்ல குடியிருந்தமா, பிளாட்பாரத்துல உக்காந்திருந்தமா?"

கரக்பூரின் நடைமேடை ஒரு காலத்தில் உலகிலேயே நீளமானது என்று பெயர் பெற்றது. 2013இல் கோரக்பூரும் 2023இல் ஹூப்ளியும் அதை முந்திவிட்டன. அவ்வளவு நீள நடைமேடையில் ஏழாண்டு உட்கார்ந்திருக்கிறோம் என்று வேடிக்கையாகப் பதில் சொல்லப் பார்த்தோம். சிரிப்பு வரவில்லை. அவர் சொன்னது உண்மை. எங்கள் வீட்டில் துணிமணி இன்றும் டிரங்குப் பெட்டியில்தான் இருக்கிறது.

இரண்டு பக்கமும் பேசினோம். போனால், அவருடைய பெற்றோருக்கு அருகில் இருக்கலாம். பிள்ளைகள் தமிழ் எழுதுவார்கள். பூட்டிய வீடு திறக்கும். ஆனால் எவருக்காகக் கேட்டோமோ அவர் இல்லை. சீனியாரிட்டி போனால் வரவேண்டிய பதவி உயர்வு போகும். விமானத்திற்கு வாங்கிய கடன் அப்படியே நிற்கிறது. பெண்ணுக்கு இங்கே பள்ளியும் தோழிகளும். ஞாயிறுதோறும் சங்கத்தில் இல்லத்தரசி நடத்தும் தமிழ் வகுப்பில் பதினோரு குழந்தைகள். இவற்றையெல்லாம் தராசில் போட்டுப் பார்த்தால் முள் ஒரு பக்கம் சாயும் என்று எண்ணினோம், சாயவில்லை. கடைசியில் அவர்தாம், "இருந்துரலாமுங்க" என்றார். சொல்லிவிட்டு அழுதார். பெற்றோர் அருகே போகக் கிடைத்த வழியை அடைத்தவர் அவரே அல்லவா? ஆதலால் இம்முடிவில் எங்கள் பங்கைவிட அவர் பங்கே பெரிது என்பதை இங்கே எழுதி வைக்கிறோம்.

ஜீப்பில் இறங்கி, அதே மெயிலில் திரும்பினோம். ஜனவரி 6ஆம் தேதி, மாற்றல் வேண்டா என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தோம். மறுபடி விரும்பினால் வரிசையின் கடைசியில் நிற்க வேண்டும். வீட்டுக்கு வந்து, செய்தது சரிதானா என்று எங்களையே கேட்டுக்கொண்டோம். இதை எழுதும் இன்றும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறோம். பீரோவுக்கு முன்பணம் கொடுத்தாயிற்று.

அக்காளுக்குத் தொலைபேசியில் சொன்னோம். நெடுநேரம் பதில் இல்லை. "அப்ப வீட்ட என்ன பண்றது?" என்றாள். விற்க வேண்டாம், வாடகைக்கும் வேண்டாம், நீ வாரம் ஒரு நாள் விளக்கேற்று, புரட்டாசியில் முதலாண்டுத் திதிக்கு வருகிறோம், திறந்து வை என்றோம். அப்போது ஒருநாள் குழந்தைகளை மலை ரயிலில் ஊட்டிக்கு அழைத்துப்போகப் போவதையும் சொன்னோம். முன்பெல்லாம் 120 நாளுக்கு முன்பே சீட்டுப் பதியலாம்; 2024 நவம்பரிலிருந்து 60 நாள்தான். ஆடியில் நினைவாகப் பதிய வேண்டும்.

"எத்தன சீட்டு எடுப்ப?" என்று அக்காள் கேட்டாள்.

நான்கு என்றோம்.

"அஞ்சா எடு" என்றாள். தந்தையார் ஆயுள் முழுதும் உழைத்த அந்தப் பாதையில் அவளும் இதுவரை ஒரு நாள்கூட ஏறியதில்லையாம்.